தார்ப்பாய் போட்டால் கார் பிழைக்குமா?

மாணவர்களே, தெலுக் பங்லிமா காராங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கும். அதன் மேல் நீல நிறத் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் கயிறு கட்டி இறுக்கியிருப்பார்கள். கேட்டால், "தாத்தா ஓட்டிய வண்டி. விற்க மனம் வரவில்லை. பத்திரமாக மூடி வைத்திருக்கிறோம்" என்பார்கள்.

அந்த மூடல்தான் காரைக் கொல்கிறது என்பது என் கருத்து.

எங்கள் வீட்டிலும் இதே தவற்றைச் செய்தோம். அப்பா வாங்கிய முதல் கார் புரோட்டோன் சாகா. வேறு கார் வந்ததும் அதைக் கூரைக்கு அடியில் நிறுத்தித் தார்ப்பாயால் மூடினோம். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கதவைத் திறந்தேன். பூஞ்சண வாடை மூக்கைத் துளைத்தது. கால் வைத்த இடத்தில் தரைத் தகடு பொத்துக்கொண்டது. அத்தனை ஆண்டுகளில் ஒரு துளி மழைகூட அந்தக் காரின் மேல் விழவில்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரம் ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும். அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் 95 விழுக்காடு ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 20 கிராம் நீர்! வெயில் ஏறியதும் காற்று சூடாகிறது. ஆனால், இயந்திரம் கனமான இரும்பு. அது மெதுவாகத்தான் சூடாகும். காலை 9 மணிக்குக் காற்று 29 பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. இயந்திரமோ இன்னும் 25 பாகையில் இருக்கலாம். உடனே அதன் மேல் நீர்த்துளிகள் படியும். ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான் இதுவும்.

திறந்த இடத்தில் நிற்கும் காரில் இந்த ஈரம் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். விடியற்காலையில் 95 விழுக்காடாக இருந்த அதே காற்று 33 பாகைக்குச் சூடாகும்போது, அதன் ஒப்பு ஈரப்பதம் 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தார்ப்பாய்க்குள் இருக்கும் காருக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. தரையிலிருந்து எழும் ஈரமும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரவில் மீண்டும் துளிகளாகும்.

தொடக்கப் பள்ளியில் செய்த ஆணிப் பரிசோதனை நினைவிருக்கிறதா? நீரும் காற்றும் சேர்ந்து கிடைத்த ஆணி மட்டுமே துருப்பிடித்தது. பிரிட்டன் வேதியியலாளர் வெர்னன் 1935-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. காற்றில் கந்தக டையாக்சைடு கலந்திருக்கும்போது, ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டியதும் இரும்பின் அரிப்பு சட்டென்று வேகமெடுக்கிறது. நம் நாட்டின் மாதச் சராசரி ஈரப்பதமோ 70 முதல் 90 விழுக்காடு. போதாக்குறைக்கு நம் ஊருக்குக் கடல் தொலைவில் இல்லை. காரில் படியும் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும்.

"அப்படியானால், இன்னும் இறுக்கமாக, காற்றே புகாமல் மூடினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் தல்சா நகரம் அதைச் செய்து பார்த்தது. 1957 ஜூன் 15-இல் ஒரு புத்தம் புதிய பிளைமவுத் பெல்விடியர் காரை உறையால் சுற்றி, நிலத்தடியில் கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 2007 ஜூனில் தோண்டி எடுத்தபோது, அறைக்குள் நீர் புகுந்து கார் முழுவதும் துருவேறிக் கிடந்தது. உள்ளே நுழைந்த நீருக்கு வெளியேற வழியில்லை.

ஆகவே, வழி இரண்டே. ஒன்று, காரைச் சுவாசிக்க விடுங்கள். அல்லது, முழுமையாக மூடி, உள்ளிருக்கும் காற்றை ஈரநீக்கிக் கருவியால் உலர்த்திக்கொண்டே இருங்கள். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் இரும்பும் பிழைக்கும், தோல் இருக்கையும் வெடிக்காது. உலர்த்தாமல் மூடுவது இரண்டிலும் சேராது.

குளிர்சாதன அறை தேவையா என்றும் சிலர் கேட்பார்கள். வெப்பநிலை குறைவாக இருப்பதைவிட, ஏறி இறங்காமல் சீராக இருப்பதே முக்கியம். குளிர்ந்த காரை நம் ஊர் வெயிலுக்குக் கொண்டுவந்தால், குளிரூட்டிய வகுப்பறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் படியும் பனிமூட்டம்தான் காரிலும் படியும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்துவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இயந்திரம் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்தினால், அந்த நீரில் ஒரு பகுதி புகைக்குழாயிலும் இயந்திர எண்ணெயிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள்.

பணம் அதிகம் இல்லாத வீட்டில் என்ன செய்வது? காரை நன்றாகக் கழுவி, முழுமையாகக் காயவிடுங்கள். சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். மண் தரை என்றால், காருக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். தார்ப்பாய்க்குப் பதில் காற்று புகும் பருத்தித் துணி போதும். பெட்ரோல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலியிடம் குறைந்தால் உள்ளே படியும் ஈரமும் குறையும். வெயில் நாளில் நண்பகலில் கதவுகளைத் திறந்து வையுங்கள். சிலிக்கா ஜெல் வைத்தால், அதை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் பயனில்லை.

1985 ஜூலை 9-இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவின் முதல் கார் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாட்டின் வரலாற்றுக்கு அது போதும். ஆனால், தோட்டத்து லயத்தை விட்டு வந்த ஒரு குடும்பம் மாதத் தவணை கட்டி வாங்கிய முதல் காரை எந்த அருங்காட்சியகமும் எடுத்துவைக்காது. அதை நாம்தான் காக்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

இந்த வாரம் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மலிவான ஈரப்பதமானிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தார்ப்பாய்க்குள் வையுங்கள், மற்றதை வெளியே நிழலில் வையுங்கள். காலை 7 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என ஏழு நாளுக்குக் குறித்து வரைபடம் வரையுங்கள். அதை உங்கள் தாத்தாவிடம் காட்டுங்கள். தார்ப்பாயின் கயிற்றை அவரே அவிழ்ப்பார்.