கம்பி மேலேயா, கீழேயா?

யங்கின் மட்டுக்கு வரைவிலக்கணம் கேட்டால் எமது மாத்தளைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். இரு முனையிலும் தாங்கப்பட்ட கொங்கிரீட் பீமில் பிரதான கம்பி ஏன் அடியில் போகிறது என்று கேட்டால் மௌனம். பாரம் ஏறினால் பீமின் அடிப்பக்கம் இழுபடும், மேற்பக்கம் நெருக்குப்படும். கொங்கிரீட் நெருக்கலைத் தாங்கும், இழுவைக்கு வெடிக்கும். சுவரிலிருந்து வெளியே நீளும் பெல்கனியில் இழுவை மேற்பக்கம். பிரதான கம்பியும் மேலேதான் வரவேண்டும். மாறிப் போட்டால் ஆட்களோடு விழும்.

நாமோ பாஸ்பேப்பர் வகுப்புக்கே காசைக் கொட்டுகிறோம். பேராதனைப் பொறியியல் பீடத்தில் இதே பாடம் ஆங்கிலத்தில் வரும்போது, சூத்திரத்தை மட்டும் கொண்டுபோன பிள்ளை எதைப் பிடித்து நிற்கும்? அழிறப்பரின் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகள் கீறி வளைத்தால் ஒரு பக்கம் விலகும், மறுபக்கம் நெருங்கும். ஐந்து நிமிட வேலை. உங்கள் பிள்ளையின் டியூஷனில் அதற்கு நேரமிருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்.