பேரனுக்கு ரூட்டர் வாங்கித் தரும் தாத்தாக்களுக்கு

நம் புதுச்சேரியில் புதிதாக ஒரு வியாபாரம் தலையெடுத்திருக்கிறது. பேரன் நெட்வொர்க் படிப்பு படிக்கிறான். சி.சி.என்.ஏ. என்ற பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கினால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். வீட்டிலேயே பழகிப் பார்க்க ஒரு 'லேப்' வேண்டுமென்று பயிற்சி நிலையத்தில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்று ரூட்டர், மூன்று ஸ்விட்ச், அவற்றை அடுக்க ஓர் இரும்புச் சட்டம், ஒரு கட்டு கேபிள். எல்லாம் செகண்ட் ஹேண்ட். மொத்தமாக 'கிட்' என்று பெயர். பையனுக்குச் சம்பாத்தியம் இல்லை, அப்பனுக்கு வீட்டுக் கடன். ஆகவே பட்டியல் சுற்றிச் சுற்றி பென்ஷன்காரரிடம் வந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் போன மாதம் பிக்சட் டெபாசிட்டை உடைத்து 40,000 ரூபாய் கொடுத்தார்.

பழைய சாமான் வாங்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. என்ன தேவை என்று பார்க்காமல் கட்டாக வாங்கக் கூடாது என்பதே என் கட்சி.

பிரெஞ்சில் படித்துவிட்டு குமாஸ்தா வேலை பார்த்த கிழவனுக்கு ரூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பேரனோடு உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் படித்தேன், தெரிந்துகொண்டேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று எனக்கு முன்பே தெரியும். சர்வீஸில் சில வருடங்கள் நான் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன். உழைத்து ஓய்ந்த டைப்ரைட்டர், மின்விசிறி, நாற்காலி எல்லாவற்றையும் கண்டம் செய்து ஏலத்துக்கு விடுவோம். ஓடுகிற மின்விசிறி ஒன்றோடு ஓடாத ஒன்பதைச் சேர்த்து ஒரே 'லாட்' ஆகக் கட்டுவோம். தனியாக வைத்தால் அந்த ஒன்பதை யாரும் தொடமாட்டார்கள் அல்லவா? இன்று 'கிட்' என்று விற்கிறார்களே, அது அந்த லாட்தான். பெயர்தான் புதிது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துக்குள்ளேயே காகிதத்தை மேஜைக்கு மேஜை சரியாகக் கொண்டு போய்ச் சேர்க்கும் பியூன்தான் ஸ்விட்ச். வெளி அலுவலகத்துக்குப் போக வேண்டியதை முகவரி பார்த்து அனுப்பும் தபால் பிரிவுதான் ரூட்டர். சி.சி.என்.ஏ. என்பது இவ்விரண்டையும் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் பரீட்சை. கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். சர்டிபிகேட் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பரீட்சையின் பாடத்திட்டம் 2020 பிப்ரவரி 24 முதல் அடியோடு மாறிவிட்டது. புதிய பரீட்சைக்கு எண் 200-301. பழைய பாடத்தில் இருந்த ரிப், ஈஐஜிஆர்பி என்ற வழிகாட்டும் முறைகளைப் புதிய பரீட்சையில் அமைத்துக் காட்டத் தேவையில்லை. ஓஎஸ்பிஎஃப் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஃப்ரேம் ரிலே என்ற தொலைதூர இணைப்பு முறை அதற்கும் முன்பே, 2016-லேயே போய்விட்டது. சீரியல் கேபிள் வழியாக ரூட்டரோடு ரூட்டரைப் பிணைக்கும் பாடமும் இப்போது இல்லை. ஆனால் நண்பர் வாங்கி வந்த கிட்டைப் பிரித்துப் பார்த்தால் கனமான சீரியல் கேபிள் நான்கு, அதற்கான அட்டைகள் நான்கு! பாடம் போய்விட்டது, சரக்கு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வயர்லெஸ், ஆட்டோமேஷன் என்று புதிதாகச் சேர்ந்த பாடங்களுக்கோ அந்த இரும்புச் சட்டத்தில் ஓர் ஆணிகூட இல்லை.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். அந்தக் கிட்டில் இருந்தவை 2500, 2600 வரிசை ரூட்டர்கள். 1990-களில் சந்தைக்கு வந்தவை, அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே அலுவலகங்களில் உழைத்தவை. அவன் புத்தகத்தைப் பார்த்துக் கட்டளையைத் தட்டுகிறான். 'செல்லாத கட்டளை' என்று திரை சொல்கிறது. மறுபடி தட்டுகிறான், மறுபடி அதே பதில். பெட்டி கிழடு என்று அவனுக்குத் தெரியாது. தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். இரண்டு வாரம் புத்தகத்தையே திறக்கவில்லையாம். 40,000 ரூபாய் கொடுத்து ஒரு பிள்ளையின் தைரியத்தை அல்லவா உடைத்திருக்கிறோம்?

இதற்கு நிலையத்துக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "கையால் தொட்டுப் பார்க்காமல் தொழில் வருமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. சைக்கிளைப் படத்தில் பார்த்து ஓட்டப் பழக முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்க ஆறு பெட்டி எதற்கு? சிஸ்கோ நிறுவனமே 'பாக்கெட் ட்ரேசர்' என்ற மென்பொருளை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. பதிவு செய்துகொண்டால் போதும். சாதாரண லேப்டாப்பில் பத்து ரூட்டரை வைத்து இணைத்துப் பார்க்கலாம், கெடுத்துப் பார்க்கலாம், அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். அது பாவனைதான், எல்லாக் கட்டளைக்கும் பதில் சொல்லாது. ஆனாலும் பாடத்தின் பெரும்பகுதியை அதிலேயே பழகிவிடலாம். இந்த இலவசத்தைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டுகிறவரை வாத்தியார் என்று எப்படிச் சொல்வது?

நிஜச் சாமானில் பழகினால்தான் நன்றாக மனதில் பதியும் பாடங்களும் உண்டு. கேபிளைச் செருகியதும் ஸ்விட்ச் விளக்கு முப்பது வினாடி ஆரஞ்சாக நின்று பிறகு பச்சையாகுமே, ஏன் அப்படி என்று நிஜப் பெட்டியின் முன் காத்திருந்தவன் மறக்கமாட்டான். பாஸ்வேர்டு தெரியாத பெட்டியைத் திறப்பது, கிரிம்ப் சரியில்லாத கேபிளைக் கண்டுபிடிப்பது எல்லாம் அப்படித்தான். அதற்காக இரண்டு ஸ்விட்சும் ஒரு ரூட்டரும் வாங்கலாம். மென்பொருளில் ஒரு மாதம் பழகிய பிறகு, ஒவ்வொன்றாக வாங்கலாம்.

எதை வாங்குவது? ஸ்விட்சில் 2960 வரிசை போதும். மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எல்' என்றால் நல்லது, 'எஸ்' என்றால் வசதி குறைத்த மென்பொருள். அதில் எட்டு போர்ட் உள்ள சிறிய வகைக்கு மின்விசிறி கிடையாது, சத்தமே வராது. பெரிய பெட்டியைப் படுக்கையறையில் வைத்தால் பாட்டிக்குத் தூக்கம் போய்விடும். ரூட்டரில் 1941 அல்லது 2901 போதும். மென்பொருளின் பெயரில் 'கே9' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான நுழைவைப் பழக முடியாது, அது பரீட்சையில் உண்டு. மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். மூன்று பெட்டியும் சேர்ந்து 100 வாட் இழுத்தாலும், தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் மாதம் 15 யூனிட்தான்.

எங்கே வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவானாலும் நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டானாலும், பையனையே அனுப்புங்கள். லேப்டாப்பும் வெளிர்நீல கன்சோல் கேபிளும் கையில் இருக்கட்டும். இன்றைய லேப்டாப்பில் அந்தக் கேபிளுக்கு வாய் இல்லை, யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். கடையிலேயே மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். திரையில் வரும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு போர்ட்டிலும் விளக்கு எரிகிறதா? கடற்காற்று பட்ட ஊர் நம்முடையது, போர்ட்டுக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா? ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

போலியும் உண்டு, ஐயா. 2020-ல் எஃப்-செக்யூர் என்ற பின்லாந்து நிறுவனம், சிஸ்கோ 2960-எக்ஸ் ஸ்விட்சின் போலிகளைப் பிரித்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. வெளிப்பார்வைக்கு அசலைப் போலவேதான் இருந்தன. மென்பொருளைப் புதுப்பித்தபோது வேலை செய்யாமல் போனதால்தான் குட்டு உடைந்தது. அதனால் எண்களோடு எழுதிய பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நான் படித்த பிரெஞ்சு மொழியில் செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு 'ஒக்காஸியோன்' என்ற சொல் உண்டு. அதே சொல்லுக்கு 'நல்ல வாய்ப்பு' என்றும் பொருள். பழைய சாமானை ஆராய்ந்து வாங்கினால் அது பையனுக்கு வாய்ப்பு. ஆராயாமல் லாட்டாக வாங்கினால் வாய்ப்பு கடைக்காரருக்கு. எது பழுது, எது தேவை என்று தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கிற பையன் பாதிப் பாடத்தை அங்கேயே படித்துவிடுகிறான். நாளை ஓர் அலுவலகத்தில் அவனைக் கேட்கப்போவதும் இதைத்தானே?

ஆகவே பென்ஷன்கார நண்பர்களே, ஒன்றே ஒன்று செய்யுங்கள். எங்கள் காலத்தில் எந்தப் பிரிவிலிருந்து இண்டென்ட் வந்தாலும், ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே 'எதற்காக' என்று ஒரு காலம் இருக்கும். அது காலியாக இருந்தால் பைல் நகராது. பயிற்சி நிலையம் தரும் பட்டியலிலும் அப்படி ஒரு கோடு போடுங்கள். இந்தச் சாமான் 200-301 பாடத்திட்டத்தில் எந்த வரிக்கு வேண்டும் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத சாமானைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் பையனுக்குப் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுங்கள்.