மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை

வாழைச்சேனையில் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கிய அதே 1956ஆம் ஆண்டில் இலங்கையின் காடுகள் வானிலிருந்து படம்பிடிக்கப்பட்டன. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா செய்த உதவி அது. ரொறன்ரோவைச் சேர்ந்த ஹன்ரிங் சேர்வே நிறுவனம் அப்படங்களைக் கொண்டு காடுகளை வகைபிரித்து மரத்தின் கனவளவைக் கணக்கிட்டது. அறிக்கை 1961இல் வெளியாயிற்று. நாட்டின் நிலப்பரப்பில் 44 வீதம் காடு என்று இன்றும் மேடைதோறும் ஒப்புவிக்கப்படும் எண் அந்தப் படங்கள் தந்ததே.

அந்தக் கனடியர்களை நான் குறைகூற மாட்டேன். படத்தோடு நில்லாமல் காட்டுக்குள் இறங்கி மாதிரித் துண்டுகளையும் அளந்தவர்கள் அவர்கள். நாமோ அவர்களது உழைப்பில் வீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தரையில் இறங்கும் பாதியை மறந்துவிட்டோம். எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் வீதம் வசதியானது, தலைப்புக்குள் அடங்கிவிடும்.

படத்திலிருந்து மரத்தை அளப்பது எப்படி? ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை இரட்டைக் கண்ணாடியின் கீழ் வைத்தால் மரம் எழுந்து நிற்கும். அதன் உயரத்தையும் தலைவிரிவின் அகலத்தையும் அளக்கலாம். அடிமரத்தின் பருமனை அளக்க முடியாது. அது இலைகளுக்குக் கீழே மறைந்திருக்கிறது. ஆகவே தலை இவ்வளவு அகலமானால் அடி இவ்வளவு பருமன் என்று ஓர் அட்டவணையைக் கொண்டு ஊகிக்கிறார்கள். விட்டத்தில் 10 வீதம் பிசகினால் கனவளவில் ஏறத்தாழ 21 வீதம் பிசகும். ஒரே இன ஊசியிலை மரங்கள் அணிவகுத்து நிற்கும் கனடாவில் இந்த ஊகம் பெரிதும் பொருந்தும்.

புணானையிலும் குடும்பிமலையிலும் வாகரையிலும் அது பொருந்துமா? பாலையும் வீரையும் முதிரையும் தலையோடு தலை பின்னிக்கிடக்கும் காடு எங்களுடையது. குடைபோல் விரிந்த முதிர்ந்த பாலையின் அடி உள்ளே கோறையாகியிருப்பதுண்டு. விலைமதிப்பு மிக்க கருங்காலியோ பெரும்பாலும் உயர்ந்த மரங்களின் நிழலில் வளர்வது. விமானத்துக்கு அது இல்லாத மரம்.

இப்போது விமானத்தின் இடத்தைச் செய்மதி பிடித்திருக்கிறது. லான்ட்சாற் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர். அந்தப் புள்ளிக்குள் ஒரு முதிரையை வெட்டி இழுத்துப் போனால் பக்கத்து மரங்களின் கிளைகள் அந்த இடைவெளியை மூடிவிடும். அடுத்த ஆண்டுப் படத்திலும் அது காடுதான், பச்சைதான், வீதமும் குறையாது. வங்கிக் கட்டடம் இடியாமல் நிற்கிறது, ஆகவே உள்ளேயிருக்கும் பணம் பத்திரம் என்று சொல்வது போன்றதே இந்தக் கணக்கு.

1990 முதல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை இருக்கிறதே, பிறகு கனவளவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தடை இருப்பதால்தான் கேட்கிறேன் ஐயா. களவு போனது எவ்வளவு என்று சொல்ல, இருந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? லொறியில் பிடிபட்ட குற்றிகளை எண்ணிச் செய்தி போடுகிறோம். பிடிபடாதவற்றை எண்ணுவதற்கு மரத்தடியில் வைத்த கணக்கு ஒன்றுதான் வழி.

போர் நடந்த ஆண்டுகளில் அளவுநாடாவுடன் இக்காடுகளுக்குள் போய்வருவது இயலாத காரியம். அன்று படத்தை நம்பியதில் நியாயம் இருந்தது. போர் 2009இல் முடிந்துவிட்டது. இனியும் அந்தச் சாக்கு செல்லாது. நிலையான மாதிரித் துண்டுகளைக் குறித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து, இனவாரியாக, வழுவீதத்துடன், தமிழில் வெளியிடுங்கள். பளபளப்பான அறிக்கை வேண்டாம். கிரான் பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டினால் போதும், நாங்கள் போய்ப் படித்துக்கொள்கிறோம்.