பக்கவாதம் வந்தவரின் வாயை யார் பார்ப்பது?



பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து மூன்று மாதமான பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். விரிப்பு வெண்மையாக இருந்தது; சட்டை சலவை செய்யப்பட்டிருந்தது; மாத்திரைகளை மகன் வேளை தவறாமல் கொடுத்து வந்தார். "வாப்பா நான்கு நாட்களாகக் கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறார். பிடிவாதம் கூடிவிட்டது" என்பது மட்டுமே அவருடைய வருத்தம். பெரியவர் அருகில் குனிந்து ஸலாம் சொன்னபோது வாயிலிருந்து வாடை வீசியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். செயலிழந்த இடப்பக்கக் கன்னத்திற்குள் சோற்றுப் பருக்கைகள் ஒதுங்கிக் கிடந்தன; ஈறு புண்ணாகிச் சிவந்திருந்தது.

"பல் துலக்கி விடுவதில்லையா?" என்றேன்.

"வாப்பாவின் வாய்க்குள் நான் கை வைப்பது மரியாதையாகுமா?" என்று தயங்கினார் மகன்.

இந்தத் தயக்கம் அந்த ஒரு வீட்டோடு நிற்பதன்று. உடம்பைத் துடைக்கிறோம், மலஜலத்தை முகம் சுளிக்காமல் எடுக்கிறோம், வாயை மறந்துவிடுகிறோம். பக்கவாதம் கை கால்களை மட்டுமன்றி முகத்தின் ஒரு பாதியையும் நாவையும் தொண்டையையும் தாக்கக்கூடும். உணர்ச்சியற்ற கன்னத்தில் உணவு தங்கினால் நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் நாவால் துழாவி எடுக்க இயலாது. சில மாத்திரைகள் உமிழ்நீரை வற்றச் செய்வதால் சொத்தையும் புண்ணும் எளிதில் உண்டாகும். பேச்சுக் குழறியவர் 'பல் வலிக்கிறது' என்று எப்படிச் சொல்வார்? உணவைத் தள்ளுகிறார். அதற்கு நாம் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறோம்.

இதில் உயிராபத்தும் உண்டு. விழுங்கும் ஆற்றல் குறைந்தவரின் எச்சில், வாயிலுள்ள கிருமிகளோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 366 பேரை இரண்டாண்டுகள் கவனித்து, 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு நிமோனியா கண்டது. அவ்வாறு செய்யப்படாதவர்களில் 100-க்கு 19 பேருக்கு. பல்லே இல்லாதவர்களும் இதனால் பயனடைந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

செய்முறை கடினமானதன்று. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்துங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்த நிலையில் ஒருபோதும் துலக்காதீர்கள். சிறிய, மென்மையான பிரஷ். மிகக் குறைந்த அளவு பற்பசை. செயலிழந்த கன்னத்தின் உட்புறத்தில் ஒதுங்கிய உணவை முதலில் எடுத்துவிடுங்கள். அவர் தம்மையறியாமல் கடித்துவிடக்கூடும்; பற்களுக்கு இடையே விரலை வைக்க வேண்டாம். தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்வதைவிட, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைப்பதே புரையேறுபவருக்குப் பாதுகாப்பு. ஒரு கை நன்றாக இருப்பவராயின், பிரஷின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுங்கள். தம் பல்லைத் தாமே துலக்குவதில் அவருக்கு ஒரு நிறைவு இருக்கிறது. விடுபட்டதை நீங்கள் பின்னர்த் துலக்கலாம்.

மிஸ்வாக் பழகியவர்கள் அதையே கேட்பார்கள். உணர்ச்சி மரத்த பக்கத்தில் குச்சி கீறினாலும் வலி தெரியாது. எனவே நுனியை நன்கு ஊறவைத்து மிருதுவாக்கி, நீங்கள் உடனிருந்து துலக்கச் செய்யுங்கள். ஒளுவின்போது வாய் கொப்பளித்தால் புரையேறுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளிக்குரிய மார்க்கச் சலுகைகளை ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

பல்செட் இருப்பின் இரவில் கழற்றித் துலக்கி, தண்ணீரில் போட்டு வையுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். இரத்தம் வடியும் என்று அஞ்சி நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். மீண்டும் பக்கவாதம் வர அது காரணமாகலாம்.

பல் மருத்துவர் ஒருவர் வந்து பார்த்த பின், மகனே காலையும் இரவும் வாப்பாவுக்குப் பல் துலக்கிவிடத் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து நான் சென்றபோது, பேத்தி தலைமாட்டில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் கால்மாட்டைத் தாண்டி வரமாட்டாளாம்.