அழ வைத்த கடைசி வாரம்

2025ஆம் ஆண்டு மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மாலை விரிவுரை முடிந்து ரயிலில் ஏறி வாட்ஸ்அப்பைத் திறந்தால், எங்கள் திட்டப்பணிக் குழுவில் அழும் முகங்கள் வரிசையாக வந்து கிடந்தன. 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' கொரிய நாடகத்தின் கடைசி நான்கு அத்தியாயங்கள் அன்றுதான் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகியிருந்தன. கதையை யாரும் உடைக்கக் கூடாது என்று ஒருவர் மிரட்டினார். இன்னொருவர் அதற்குள் உடைத்துவிட்டார். திட்டப்பணி பற்றி அன்று ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை ஒரு தோழி எழுதியதுதான் என் மனத்தில் தங்கியது. "அப்பாவுக்குப் போன் பண்ணினேன். என்ன சொல்றதுன்னு தெரியல. சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்."

ஒரு தொடர் முடியும்போது ரசிகர்கள் பொதுவாக இப்படி நடந்துகொள்வதில்லை. சண்டைதான் வரும். 2019ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முடிந்த விதம் பிடிக்காமல், கடைசிப் பருவத்தை மறுபடியும் எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். 2025 ஜூனில் 'ஸ்குவிட் கேம்' முடிந்தபோதும் நாயகன் சாகத்தான் வேண்டுமா என்று எங்கள் உணவங்காடி மேசையில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இரண்டு இடங்களிலும் கோபம் கதை எழுதியவர் மீது. 'டேஞ்சரின்ஸ்' பார்த்தவர்களோ கதாசிரியரை மறந்துவிட்டுத் தொலைபேசியில் அப்பாவின் எண்ணைத் தேடினார்கள். ஏன்?

கதையில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. 1950களில் ஜேஜூ தீவில் பிறந்த ஏ சுன், கவிஞராக ஆசைப்படும் ஏழைப் பெண். கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் அவளுடைய அம்மா இளம் வயதிலேயே இறந்துவிடுகிறார். ஏ சுன்னைச் சிறு வயதிலிருந்து நேசிக்கும் குவான் சிக் அவளை மணக்கிறான். இளமையில் ஐயூவும் பார்க் போ கமும், முதுமையில் மூன் சோ ரியும் பார்க் ஹே ஜூனும் இந்த இருவராக நடித்திருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியைப் புயல் நாளில் பறிகொடுக்கிறார்கள். மூத்த மகள் வெளிநாட்டில் படிக்க வீட்டை விற்கிறார்கள். கடைசியில் மூட்டுவலி என்று நினைத்தது புற்றுநோய் என்று தெரியவர, குவான் சிக் இறக்கிறார். அவ்வளவுதான். நம் உறவினர் வீடு எதிலும் நடக்கக்கூடிய கதை.

தொலைக்காட்சிப் பாத்திரங்களோடு நாம் கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956லேயே எழுதினார்கள். 2004ல் 'ஃபிரெண்ட்ஸ்' தொடர் முடிந்தபோது, கெரன் எயல், ஜோனத்தன் கோஹன் இருவரும் இஸ்ரேலிய மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். தனக்குப் பிடித்த பாத்திரத்தோடு ஒருவருக்கு எவ்வளவு நெருக்கமோ, அந்த அளவுக்குப் பிரிவின் வலியும் இருந்தது. முதலாம் ஆண்டு ஊடகப் பாடத்தில் இதைப் படித்தபோது சரி என்று தலையாட்டினேன்.

ஆனால், 'டேஞ்சரின்ஸ்' விஷயத்தில் இந்த விளக்கம் பாதி தூரம்தான் போகிறது. 'ஃபிரெண்ட்ஸ்' பத்து ஆண்டுகள் ஓடியது. இது பதினாறே அத்தியாயங்கள், நான்கே வாரங்கள். மார்ச் 7ஆம் தேதி குவான் சிக் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. மூன்று வார அறிமுகத்துக்கு இவ்வளவு கண்ணீர் அதிகம். அந்தக் கண்ணீரில் பெரும்பங்கு எங்கள் வீடுகளில் ஏற்கெனவே தேங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன்; நாடகம் அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது.

வெளியிட்ட முறைக்கும் இதில் பங்குண்டு. முழுத் தொடரையும் ஒரே நாளில் கொட்டுவது நெட்ஃபிளிக்ஸின் வழக்கம். இதை மட்டும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பிரித்து, வாரத்துக்கு நான்கு அத்தியாயங்களாக விட்டார்கள். ஒரே இரவில் பார்த்து முடித்தால் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாக அழுதிருப்போம். இங்கே ஒரு வாரம் காத்திருந்தோம். குவான் சிக்கின் மூட்டைப் பற்றிக் கவலைப்பட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றாக அழுதோம். ஒன்பது மணிக்கு எல்லா வீடுகளிலும் ஒரே நாடகம் ஓடிய காலத்தைப் பற்றி அம்மா சொல்வார். அதில் ஒரு துண்டு எங்களுக்கும் கிடைத்தது. வியாபார உத்திதான், தெரியும். இருந்தாலும் கிடைத்தது.

எல்லாரும் உருகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குவான் சிக் மாதிரிக் கணவன் எங்கே இருக்கிறான் என்று கேலி செய்தவர்கள் உண்டு. மனைவி பக்கம் நிற்கும் ஒரு நல்லவனைக் காட்டிவிட்டால், அந்தக் காலத்துப் பெண்கள் பட்ட பாடு இனிப்பாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. இரண்டாவது பிள்ளை உன் மியோங்கைப் பலர் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அவன்மீது பரிதாபம்தான். அக்காவின் படிப்புக்கு முன்னால் தான் எப்போதும் இரண்டாவது என்று அவன் சொல்வதில் பொய் இல்லை. வீட்டில் இளைய பிள்ளையாக இருப்பவர்களுக்குப் புரியும்.

நான் சொல்ல வந்தது தோழியின் தொலைபேசி அழைப்பைப் பற்றி. இந்த நாடகத்தின் கொரியப் பெயர் ஜேஜூ தீவின் வழக்கில் இருக்கிறது. சோல் நகரத்தார் காதுக்கு அது 'நன்றாக ஏமாந்து போனீர்கள்' என்பதுபோல் ஒலிக்குமாம். ஜேஜூவில் அதன் பொருள், 'மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள்'. ஒருவரின் உழைப்பைக் கண்டு நன்றியோடு சொல்லும் வார்த்தை. அந்தத் தீவின் மொழியை 2010ல் யுனெஸ்கோ, அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. மகளுக்குத் தலைநகரத்துப் படிப்பு கிடைக்கிறது. அவள் பெற்றோரைப் பாராட்டச் சரியான சொல் ஊர் வழக்கில் இருக்கிறது.

எங்களுக்கும் இதே சிக்கல். நாடகம் முடிந்த வாரம் என் நண்பர்கள் இன்ஸ்டகிராமில் அப்பா, அம்மாவுக்கு உருக்கமாக எழுதினார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பெற்றோரில் எத்தனை பேர் இன்ஸ்டகிராமில் இருக்கிறார்கள்? நானும் எழுதினேன், நெருங்கிய நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி. அப்பா அதில் இல்லை. தமிழில் சொல்லலாம் என்றால், "நன்றி அப்பா" என்பது பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை ஆற்றுவதுபோல் இருக்கிறது. தாய்மொழித் தேர்வு வாய்மொழிப் பகுதியில் பொதுப் போக்குவரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிடுவேன். பேருந்து ஓட்டும் என் அப்பாவிடம் இதைச் சொல்லத் தமிழ் வரவில்லை. தோழி "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதை நாங்கள் கேலி செய்தோம். யோசித்துப் பார்த்தால், எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையைக் கொண்டுதான் இதையெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை நோன்புப் பெருநாள் விடுமுறை. அப்பாவுக்கு வேலை. கடைசி இரண்டு அத்தியாயங்களை அம்மாவோடு மறுபடியும் பார்த்தேன். ஆங்கில சப்டைட்டில் வேகமாக ஓடியதால், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டார். நான் மூன்றாவது முறையாக அழுதேன். அம்மா அழவில்லை.

"முட்டி வலின்னு சொன்னப்பவே நல்லா பாத்திருக்கணும். ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. வீட்டுல உள்ளவங்கதான் இழுத்துக்கிட்டுப் போவணும்."

பிறகு, "உங்கப்பாவும் வலது முட்டியில தைலம் தேச்சுக்கிட்டேதான் இருக்காரு, ஒரு வருஷமா," என்றார்.

எனக்குத் தெரியாது. தைல வாசனை தெரியும். எதற்கு என்று கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகத்தில் அப்பாவின் பெயரில் நேரம் பதிவு செய்தேன். இரவு அவர் சாப்பிடும்போது சொன்னேன்.

"யாரு சொன்னா எனக்கு முட்டி வலின்னு?"

"ஒரு கொரியப் படத்துல வந்துச்சுப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வியாழன் காலையில எனக்கு வேலை. மத்தியானத்துக்கு மாத்து," என்றார்.

2.40க்கு மாற்றினேன்.