காதுவில்லைப் பதிவின் பயன் கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர்,
கறவை மாடு, ஆடு வளர்ப்போர் சங்கம்,
திருக்கழுக்குன்றம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: கால்நடைகளின் 12 இலக்கக் காதுவில்லை – மறுவில்லை, பெயர் மாற்றம், காப்பீடு, பதிவு நகல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் வட்டாரத்தில் நெல்லுக்கு அறுவடையின்போதுதான் காசு. மற்ற மாதங்களில் அடுப்பு எரிவதும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதும் பால் பணத்தில்தான்.

கோமாரி, கன்று வீச்சு நோய்களை ஒழிக்க 2019 செப்டம்பரில் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி போடும் மாட்டுக்கு மஞ்சள் காதுவில்லை போட்டு, அதன் எண்ணைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இதை முழுமனதோடு வரவேற்கிறோம். கோமாரி கண்ட மாடு பிழைத்தாலும் பழைய கறவைக்குத் திரும்புவது அரிது. எந்த மாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் நோய் பரவும் வழியை அடைக்க முடியும்.

ஆனால், வில்லை போனால் வரும் நட்டம் முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது. மேயும் மாட்டின் வில்லை வேலிக்காத்தான் முள்ளில் மாட்டி இழுபட்டால் காது மடல் கிழிகிறது. மழைக்காலத்தில் அந்தப் புண்ணில் புழு வைக்கிறது. புண் ஆறும்வரை அந்தக் காதில் மறுவில்லை போட முடியாது. அதற்குள் மாடு இறந்துவிட்டால், பிரீமியம் கட்டியிருந்தும் 'வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை' என்ற விதி குறுக்கே நிற்கிறது.

கணினியில் ஏறும் விவரத்தின் நகல் எங்கள் கையில் இல்லாததும் நட்டமே. ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து, ஆவின் தரமான பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் என 2023 டிசம்பரில் அறிவித்தது. அந்தக் கணக்கில் 10 லிட்டர் கறக்கும் மாடு ஒரு நாளைக்கு 380 ரூபாய் தரும். பிண்ணாக்கு, தவிடு, வைக்கோல் எல்லாம் அதற்குள்தான். சினை ஊசி போட்ட தேதி கையில் இல்லாமல் ஒரு பருவம் தவறினால், மேலும் 21 நாள் தீனி வீண். சந்தையில் வாங்குபவர் பல்லையும் மடியையும் பார்த்து விலை சொல்கிறார். ஈற்று, கறவை, தடுப்பூசி விவரம் எழுத்தில் இருந்தால் நல்ல மாட்டுக்கு நல்ல விலை கேட்கலாம்.

மாட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பியுள்ள உருகுவே நாட்டில் 2006 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் அடையாளம் கட்டாயம். அதற்கான வில்லையை அரசே இலவசமாகத் தருகிறது. நாட்டுக்குப் பயன்படும் பதிவின் செலவை நாடே ஏற்பதுதான் முறை.

எனவே கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறோம்:

1. விழுந்த வில்லைக்குத் தகவல் தந்த 7 நாளுக்குள் ஒப்புகைச் சீட்டும், புண் ஆறியதும் மறுவில்லையும் இலவசமாக வழங்க வேண்டும்.

2. அந்த இடைக்காலத்தில் மாடு இறந்தால் ஒப்புகைச் சீட்டு, புகைப்படம், கால்நடை மருத்துவர் சான்று ஆகியவற்றை ஏற்று இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

3. பால் சங்கக் கொள்முதல் நிலையங்களில் மாதம் ஒருநாள் முகாம் நடத்தி, விற்ற மாட்டின் பெயர் மாற்றத்தையும் கைபேசி எண் திருத்தத்தையும் அங்கேயே முடித்துத் தர வேண்டும்.

4. தடுப்பூசி, சினை ஊசி, கன்று ஈன்ற விவரம் அடங்கிய தமிழ் அட்டையை ஒவ்வொரு மாட்டுக்கும் தர வேண்டும். வங்கிகள் கறவை மாட்டுக் கடனுக்கு அதை ஆதாரமாக ஏற்க வேண்டும்.

5. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரிந்து பிடிபடும் மாடுகளின் வில்லை எண்ணைக் கொண்டு உரிமையாளருக்கு அன்றே தகவல் தர வேண்டும்.

6. இம்மாவட்டத்திலும் வளர்க்கப்படும் சென்னைச் சிவப்புச் செம்மறி ஆடுகளை மந்தை வாரியாகப் பதிந்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி விவரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

எங்கள் பொறுப்பையும் உணர்ந்தே இம்மனுவை அளிக்கிறோம். மாடு விற்றாலும் இறந்தாலும் கன்று ஈன்றாலும் உறுப்பினர்கள் உடனே தகவல் தரச் செய்வோம். மாடுகளைச் சாலையில் விடக்கூடாது என ஊர்தோறும் எடுத்துச் சொல்வோம்.

துறை அலுவலர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், பால் சங்கங்கள் ஆகியோரை அழைத்துத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கூட்டம் நடத்தி, இக்கோரிக்கைகள் மீது முடிவெடுக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: திருக்கழுக்குன்றம்

நகல்: இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, செங்கல்பட்டு.