கொள்வார் இல்லாத நாட்டில் கொடுப்பார் மகிழ்வரோ?

குறை ஒன்றேனும் இல்லாத உலகம் ஒன்று அமையுமாயின், அதில் மனிதர் உண்மையிலேயே மகிழ்ந்து வாழ்வரா? பட்டிமன்ற மேடைகளில் இவ்வினா எழும்போதெல்லாம், ‘வாழார்’ என்னும் அணிக்கே கைதட்டல் மிகுதி. பசி இல்லையேல் சோற்றின் சுவை இல்லை. பிரிவு இல்லையேல் அன்பின் அருமை இல்லை. இரவு இல்லையேல் விடியலுக்கு வரவேற்பு இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். செவிக்கு இனிக்கும் இவ்வாதத்தைத் தாமிரபரணிக் கரையில் நின்று ஒருமுறை உரசிப் பார்த்தல் நலம். நல்லடியார்க்கு வாக்களிக்கப்பட்ட சுவனம் இங்கே நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. அது இறைவன் அறிந்தது. நம் வினா இம்மண்ணைப் பற்றியது.

குறையற்ற நாட்டைக் கற்பனை செய்த தமிழ்ப் புலவர்கள் அதனை மருத நிலமாகவே கண்டனர். கம்பரின் கோசலம் அத்தகையது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டையே ஆறு பாயும் வயல் நாடாகப் பாடினார். அவரை ஆதரித்த எட்டயபுரமோ வானம் பார்த்த கரிசல் பூமி. மழைக்கு ஏங்கும் மண்ணில் வாழ்ந்தவர், மணல் நாட்டில் மருதத்தை வரைந்தார்! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டிற்குத் தாம் அறிந்த தலைசிறந்த அழகை அணிவிக்க விரும்பிய அன்பின் செயல் அது. அவ்வழகைக் காண அவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிறிது தெற்கே இறங்கினால் பொருநைப் பாசனம் கண்ணுக்கு விருந்தாகும்.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் குறுக்கே, கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இருபருவ மழையும் பெறும் ஆறாதலால் காரும் பிசானமும் மாறி மாறி விளைந்தன. புலவர் பாடிய நிறைவு, தமிழ்நாட்டில் எங்கேனும் கண்கூடாக இருந்ததென்றால் அது இங்கேதான். அந்நிறைவில் வாழ்ந்தோர் அனைவரும் மகிழ்ந்தனரா?

இங்கேதான் வரலாறு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. நஞ்சை நிலங்களின் பெரும்பகுதி கோயில்களுக்கும் உயர்குடியினர்க்கும் உடைமையாக இருந்தது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட கைகளுக்கு நிலம் இல்லை. அக்கைகளே பிறர் உடைமையாக இருந்தன. நிலத்தோடு சேர்த்து மனிதரை விற்றதும் ஒற்றி வைத்ததும் இப்பள்ளத்தாக்கில் நடந்தவையே. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல்தான் நடைமுறைக்கு வந்தது. வரப்பின்மேல் நின்றவர்க்கு வயல் நிறைவாகத் தோன்றியது. வயலுக்குள் நின்றவரை எவரும் கேட்கவில்லை. ஆதலின், ‘நிறைவான உலகம் சலிப்பூட்டும்’ என்று ஒருவர் கூறக் கேட்கும்போதெல்லாம், அவர் வாய்க்காலின் தலைமடையில் இருப்பவரா, கடைமடையில் இருப்பவரா என்று வினவத் தோன்றுகிறது.

ஆயினும், எதிரணியின் வாதத்தில் ஒரு கூர்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. கோசலத்தில் ஏழை என்று ஒருவரும் இல்லாமற்போகவே, வள்ளன்மை வெளிப்பட வாய்ப்பே வாய்க்கவில்லை என்பது கம்பர் கண்ட நயம். நாட்டைப் புகழ வந்த இடத்தில், ஓர் இழப்பையும் அவர் அறிந்தோ அறியாமலோ காட்டிவிட்டார். எவர்க்கும் எதுவும் வேண்டாத நாட்டில், நான் எவர்க்கு வேண்டியவன்? மனித மகிழ்ச்சியின் பெரும்பகுதி, தான் பிறர்க்குத் தேவைப்படுகிறோம் என்னும் உணர்வில் அடங்கியிருக்கிறது. பிள்ளைகளெல்லாம் வசதியாகத் தொலைவில் வாழ, நிறைந்த வீட்டில் தனித்திருக்கும் முதியோரைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும்.

2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, நூற்றுக்கணக்கான பயணிகளோடு திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. தாங்களே வெள்ளத்தின் நடுவில் இருந்த புதுக்குடி ஊரார், தம்மிடமிருந்த அரிசியைச் சமைத்து, முன்பின் அறியாத அப்பயணிகளின் பசியாற்றினர். கொடுத்தவர் நெஞ்சில் அந்நாளில் பிறந்த நிறைவை எந்தச் செல்வமும் தந்திருக்காது. ‘பார்த்தீர்களா, துன்பம் வந்ததால் அன்றோ இப்பண்பு வெளிப்பட்டது’ என்பர்.

ஆனால், அந்தப் புதுக்குடியாரிடமே சென்று, ‘உங்கள் நற்பண்பு விளங்கும் பொருட்டு மீண்டும் ஒரு வெள்ளம் வரட்டும்’ என்று சொல்லும் துணிவு எவர்க்கு உண்டு? ஈகைக்கு வறுமை வேண்டும் என்பதும் இத்தகைய பேச்சே. மேலப்பாளையத்தில் ரமலான் மாலையில் நோன்புக் கஞ்சியின் முதல் மிடறு தரும் இன்பம் பெரிதுதான். அந்நோன்பாளி அதிகாலையில் ஸஹர் உணவு உண்டு, இறைவனுக்காகத் தானே விரும்பிப் பசித்திருந்தவர். பங்குனி வெயிலில் கூலி கிடைக்காமல் பட்டினி கிடப்பவரின் பசி அவ்வகையினதன்று. முன்னது மகிழ்ச்சியின் வாயில். பின்னது மனிதர் மனிதர்க்கு இழைத்த அநீதி. இரண்டையும் ‘குறை’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் பட்டிமன்ற வாதம் பிழைபடுகிறது. இஸ்லாம் ஸகாத்தைக் கொடுப்பவரின் தயவாகக் கருதாமல் வறியவரின் உரிமையாக வைத்ததன் நுட்பமும் இங்கே கருதத்தக்கது.

அப்படியாயின், கொள்வார் இல்லாத காலம் வந்தால் கொடுப்பார் என் செய்வர்? கம்பர் கற்பனையில் கண்ட அந்நிலை ஒருமுறை மண்ணிலே தோன்றியதாக இஸ்லாமிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) 717 முதல் 720 வரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே ஆண்டார். அவர் வட ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிய யஹ்யா இப்னு ஸயீத், திரட்டிய ஸகாத்தைப் பெற்றுக்கொள்ள ஏழைகளைத் தேடிக் காணாது, அப்பொருளால் அடிமைகளை வாங்கி விடுதலை செய்தாராம். வறுமை நீங்கிய நாட்டிலும் விலங்கு நீங்காதார் இருந்திருக்கின்றனர்! பச்சை வயல்களுக்கு நடுவே அடிமைகளை வைத்திருந்த நம் பள்ளத்தாக்கு இச்செய்தியைப் படிக்கையில் நினைவில் எழாமல் இராது.

ஈராக்கைப் பற்றிய செய்தி இதனினும் சுவையானது. அபூ உபைத் தம் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் அதனைப் பதிந்துள்ளார். மக்களுக்குரியதை எல்லாம் கொடுத்த பின்னும் கருவூலத்தில் பொருள் எஞ்சியிருப்பதாக அங்கிருந்த ஆளுநர் எழுதினார். ஊதாரித்தனத்தால் அன்றிக் கடன்பட்டோரின் கடனைத் தீர்க்குமாறு கலீஃபா பணித்தார். இன்னும் எஞ்சியிருக்கிறது என்று மறுமொழி வந்தது. பொருளின்மையால் மணம் முடிக்க இயலாத இளைஞர்க்கு மஹர் கொடுத்து மணமுடித்து வைக்கச் சொன்னார். அதன்பின்னும் எஞ்சியது. தம் நிலத்தைப் பயிரிட வலுவற்றுப்போன முஸ்லிமல்லாத குடிகளைத் தேடி, உழவுக்குப் பொருள் கடனாகக் கொடுக்குமாறு எழுதிய கலீஃபா, அவர்கள் நமக்கு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ மட்டும் வேண்டியவர்கள் அல்லர் என்று காரணமும் சொன்னார்.